பதவிக்குச் சமயச் சோதனை கூடாது: அமெரிக்க அரசமைப்பின் ஒரு விதியும் ஓர் அரபுக் கையெழுத்துப் படியும்

2007-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், வாஷிங்டன் நகரில், மின்னசோட்டா மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கீத் எல்லிசன், சபாநாயகர் நான்சி பெலோசியின் முன்னிலையில் திருக்குர்ஆன் மீது கை வைத்து உறுதிமொழி ஏற்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவர். அவர் கை வைத்த குர்ஆன் பிரதி, அந்நாட்டின் மூன்றாவது அதிபரான தாமஸ் ஜெஃபர்சனின் சொந்த நூலகத்தில் இருந்ததாகும்.

அதற்கு முந்தைய சில வாரங்கள் அமைதியாகக் கழியவில்லை. பைபிள் அல்லாத நூலைக் கொண்டு உறுதிமொழி ஏற்பது அமெரிக்கப் பண்பாட்டுக்கே ஊறு விளைக்கும் என்று வானொலிப் பேச்சாளர் ஒருவர் எழுதினார். வர்ஜீனியா மாநில உறுப்பினர் வர்ஜில் கூட், குடியேற்றச் சட்டங்களைக் கடுமையாக்காவிடில் மேலும் பல முஸ்லிம்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுக் குர்ஆனைக் கோருவர் என்று கடிதம் எழுதினார். எல்லிசனோ குடியேறி வந்தவர் அல்லர். பல தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரிப் பருவத்தில் இஸ்லாத்தை ஏற்றவர். ஜெஃபர்சன் பிறந்த அல்பமார்ல் மாவட்டம் கூட் அவர்களின் தொகுதியிலேயே அடங்கியிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவைப் பற்றி நம்மிடையே இரு வகையான பேச்சுகள் உண்டு. சமய உரிமையின் தாயகம் அதுவே என்று வியப்போர் ஒரு சாரார். அவ்வுரிமைப் பேச்சு அனைத்தும் வெறும் நடிப்பே என்று தள்ளுவோர் மற்றொரு சாரார். எல்லிசனின் உறுதிமொழியை முன்னவர் தமக்குச் சான்றாகக் கொண்டனர். அதற்கு எழுந்த எதிர்ப்பைப் பின்னவர் சான்றாகக் கொண்டனர். இரண்டும் அரைகுறையான பார்வைகள் என்பது எம் கருத்து. அந்த உறுதிமொழிக்கு இடமளித்த சட்ட விதியின் வரலாற்றை நோக்கினால், ஒரு நாட்டின் சட்டத்துக்கும் அதன் மக்களின் மனத்துக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருக்கக்கூடும் என்பதும், அத்தொலைவு எவ்வாறு குறைகிறது என்பதும் விளங்கும்.

விதி பிறந்த சூழல்

1787 செப்டம்பரில் பிலடெல்பியா நகரில் கையொப்பமிடப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் நிர்வாக, நீதித்துறை அலுவலர்களும் அரசமைப்பைக் காப்பதாக ஆணையிட்டோ, ஆணையிடாமல் உறுதி மட்டும் கூறியோ பொறுப்பேற்க வேண்டும் என்பது ஒன்று. ஐக்கிய நாடுகளின் கீழுள்ள எந்தப் பதவிக்கும் பொதுப் பொறுப்புக்கும் தகுதியாகச் சமயச் சோதனை எதுவும் ஒருபோதும் கோரப்படலாகாது என்பது மற்றொன்று. ஆணையிடுவதைத் தம் சமயம் தடுப்பதாகக் கருதிய குவேக்கர் போன்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு முதல் விதி இடமளித்தது. இரண்டாம் விதி அதைவிடப் பெரியது.

அதன் பெருமையை உணர அக்கால நிலையை அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் 1673-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுப் பதவி வகிப்போர் ஆங்கிலத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெற்றாக வேண்டும். கத்தோலிக்கரின் அடிப்படைக் கொள்கை ஒன்றை மறுத்தும் கூற வேண்டும். அச்சட்டம் 1828 வரை நீடித்தது. விடுதலை பெற்ற அமெரிக்க மாநிலங்களும் இவ்வழக்கத்தை விட்டுவிடவில்லை. மேரிலாந்தில் பதவியேற்போர் கிறிஸ்தவ சமயத்தில் நம்பிக்கை உண்டென்று அறிவிக்க வேண்டியிருந்தது. வட கரோலினாவின் 1776-ஆம் ஆண்டு அரசமைப்பு, புராட்டஸ்டன்ட் சமயத்தின் உண்மையை மறுப்போர் பதவி வகிக்கலாகாது என்றது. கூட்டாட்சியின் அரசமைப்போ இவற்றில் எதனையும் கேட்கவில்லை. அதிபராக வருபவர் பிறப்பால் அந்நாட்டுக் குடிமகனாக இருத்தல் வேண்டும், 35 வயது நிரம்பியிருத்தல் வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றெல்லாம் வரையறுத்த சட்டம், அவர் யாரை வணங்குகிறார் என்று மட்டும் வினவவில்லை.

ஹில்ஸ்பரோ விவாதம்

இவ்விதி எளிதில் ஏற்கப்படவில்லை. அரசமைப்பை ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்ய ஒவ்வொரு மாநிலமும் பேரவை கூட்டியது. வட கரோலினாவின் பேரவை 1788 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஹில்ஸ்பரோ என்னும் ஊரில் கூடியது. ஜூலை 30 அன்று இவ்விதி விவாதத்துக்கு வந்தது.

ஹென்றி அபாட் என்ற உறுப்பினர் மக்களின் அச்சங்களை எடுத்துரைத்தார். சமயச் சோதனை இல்லையெனில் சிலை வணங்குவோரும், வேதங்களை ஏற்காதோரும், முகம்மதியரும் பதவி பெறலாமே என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாறாயின் பதவியேற்போர் எந்தத் தெய்வத்தின் மீது ஆணையிடுவர் என்பது மற்றொன்று. வில்லியம் லங்காஸ்டர் என்பார், நானூறு ஐந்நூறு ஆண்டுகளில் என்ன நேருமோ அறியோம். கத்தோலிக்கர் அந்த நாற்காலியில் அமரலாம், முகம்மதியரும் அமரலாம், அதைத் தடுக்க இச்சட்டத்தில் ஒன்றுமில்லை என்ற கருத்தில் பேசினார்.

விதியை ஆதரித்துப் பேசியவர் ஜேம்ஸ் ஐர்டெல். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தொடக்கக்கால நீதிபதிகளுள் ஒருவரானவர். ஒரு சாராரை விலக்கத் தொடங்கினால், எவ்விடத்தில் நிறுத்துவது என்பதே அவருடைய முதன்மையான வினா. நாம் எந்தச் சமய உரிமைக்காக வாதாடுகிறோமோ அதன் அடிப்படையையே தகர்க்காமல் எவரையும் விலக்க இயலாது என்றார்.

ஆணையைப் பற்றிய அச்சத்துக்கு அவர் அளித்த விடை நம் நாட்டோடு தொடர்புடையது. இங்கிலாந்தின் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கை அவர் நினைவூட்டினார். 1744-ஆம் ஆண்டு வாக்கில் முடிவுக்கு வந்த, ஓமிசந்த் - பார்க்கர் வழக்கு என்று சட்ட நூல்கள் கூறும் வழக்கு அது. கல்கத்தாவில் இந்துக்கள் தங்கள் வழக்கப்படி பிராமணரின் பாதத்தைத் தொட்டு ஆணையிட்டுச் சொன்ன சாட்சியம் ஏற்கத்தக்கதா என்பதே அங்கு எழுந்த வினா. ஏற்கத்தக்கதே என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆணை என்பது சொல்பவரின் மனச்சான்றைப் பிணைப்பது; எனவே அவரவர் நம்பிக்கைப்படி அமைந்த ஆணையே அவரவரைப் பிணைக்கும். வேறு சமயத்தவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படின் அது நாட்டின் நீதிக்கே இழுக்காகும் என்பது அத்தீர்ப்பிலிருந்து ஐர்டெல் எடுத்துக்காட்டிய கருத்து. 2006-இல் எல்லிசனுக்கு எதிராக எழுந்த கூச்சலுக்கான விடை, 218 ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தா இந்துக்களின் சாட்சியத்தை முன்வைத்துச் சொல்லப்பட்டுவிட்டது.

ஆனால் ஐர்டெல் சொன்ன மற்றொன்றையும் மறைத்தல் முறையன்று. தங்கள் சமயத்திலிருந்து பெரிதும் மாறுபட்ட சமயத்தவரிடம் அமெரிக்க மக்கள் தங்கள் உரிமைகளை ஒப்படைப்பர் என்று எண்ணவே வேண்டாம் என்று அவர் அவையோருக்கு ஆறுதல் கூறினார். சட்டம் கேளாததை வாக்காளர் கேட்டுக்கொள்வர் என்பது அதன் பொருள். அந்த அவையினரைப் பொறுத்தவரை, முஸ்லிம் என்பவர் கண்முன் நிற்கும் மனிதர் அல்லர். வாதத்தின் எல்லையைச் சோதிக்க உதவிய ஒரு கற்பனை.

வட கரோலினா அவ்வாண்டில் அரசமைப்பை ஏற்கவில்லை. மறு ஆண்டு, 1789 நவம்பரில், ஃபாயெட்வில் என்னும் ஊரில் கூடிய இரண்டாம் பேரவையே அதனை ஏற்றது. இவ்வூரின் பெயரை நினைவில் கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஜெஃபர்சனின் பிரதி

ஜெஃபர்சன் குர்ஆனை வாங்கியது 1765-ஆம் ஆண்டில். அப்போது அவர் வில்லியம்ஸ்பர்க் நகரில் சட்டம் பயின்ற 22 வயது இளைஞர். ஜார்ஜ் சேல் என்னும் ஆங்கில வழக்கறிஞர் அரபியிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து 1734-இல் வெளியிட்ட பதிப்பின் மறு அச்சு அது. இரு தொகுதிகள் கொண்டது. சேல் இஸ்லாத்தின் நண்பர் அல்லர். எனினும் அவருக்கு முன் ஆங்கிலத்தில் வந்ததைவிடப் பன்மடங்கு நேர்மையான பெயர்ப்பைத் தந்தவர்.

வர்ஜீனியாவின் சமய உரிமைச் சட்டத்தை வரைந்தவர் ஜெஃபர்சன். அது 1786-இல் நிறைவேறியது. அதில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க முயன்றபோது பெரும்பான்மையோர் அதனை மறுத்ததையும், யூதர், கிறிஸ்தவர், முகம்மதியர், இந்து, நம்பிக்கையற்றோர் ஆகிய அனைவரும் அச்சட்டத்தின் காப்பில் அடங்குவர் என்பதற்கு அதுவே சான்று என்பதையும் அவர் தம் முதுமையில் எழுதிவைத்தார். 1814-இல் ஆங்கிலேயப் படை வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தை எரித்த பின், தம்மிடமிருந்த ஏறத்தாழ 6,500 தொகுதிகளை 1815-இல் அவர் நாட்டுக்கு விற்றார். அவற்றோடு அக்குர்ஆனும் சென்றது. 1851-இல் அந்நூலகத்தில் நேர்ந்த தீவிபத்தில் ஜெஃபர்சனின் நூல்களில் மூன்றில் இரு பங்கு அழிந்தன. குர்ஆன் தப்பியது.

இதே ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளிடையே முஸ்லிம்கள் கணிசமாக இருந்தனர். 1807-இல், அவர் அதிபராக இருந்தபோது, கென்டக்கியில் பிடிபட்ட இரு ஆப்பிரிக்கர் அரபியில் எழுதிய தாள்கள் அவரிடமே வந்து சேர்ந்தன. அவற்றைப் படிக்க வல்லாரைத் தேடி அவர் அனுப்பிவைத்தார். குர்ஆனை நூலகத்தில் வைத்திருந்தவருக்கு, குர்ஆனை நெஞ்சில் வைத்திருந்தோரின் எழுத்து விளங்கவில்லை.

சிறைச் சுவரில் அரபு

அதே 1807-இல், தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டவர்களுள் ஒருவர் உமர் இப்னு ஸயீத். இன்றைய செனகல் நாட்டிலுள்ள ஃபூத்தா தோரோ பகுதியில் 1770 வாக்கில் பிறந்தவர். தம் சகோதரர் உள்ளிட்ட ஆசிரியர்களிடம் 25 ஆண்டுகள் கல்வி பயின்றவர். படை ஒன்று அவர் ஊரைத் தாக்கிப் பலரைக் கொன்று அவரைப் பிடித்துச் சென்றது. ஒன்றரை மாதக் கடற்பயணத்துக்குப் பின் விற்கப்பட்டார். கொடியவனான ஓர் உரிமையாளனிடமிருந்து தப்பி வடக்கே நடந்தார். தொழுவதற்காக ஒரு கட்டடத்தினுள் நுழைந்தபோது பிடிபட்டார். அவரை அடைத்துவைத்த சிறை இருந்த ஊர் ஃபாயெட்வில்.

ஆண்டு 1810. எந்தப் பதவிக்கும் சமயச் சோதனை கூடாது என்ற விதியை வட கரோலினா அதே ஊரில் ஏற்று 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சிறையின் சுவர்களில் உமர் கரித்துண்டால் அரபியில் எழுதியதாகக் கூறப்படுகிறது. யாரும் படிக்க இயலாத அவ்வெழுத்தைக் காண மக்கள் திரண்டனர். ஒரு முஸ்லிம் நாட்டின் தலைவராகிவிடுவாரோ என்று ஹில்ஸ்பரோவில் சான்றோர் அஞ்சினர். உண்மையான முஸ்லிம் அவர்கள் மாநிலத்துக்கு வந்தபோது அவர் விற்பனைப் பொருளாக இருந்தார். 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வட கரோலினாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். சமயத்தைக் கேளாத சட்டம், அவர்களை மனிதராகவே எண்ணவில்லை.

பின்னர் ஓவன் குடும்பத்தார் உமரை வாங்கினர். அக்குடும்பத்தின் ஜான் ஓவன் மாநில ஆளுநராகவும் இருந்தார். 1831-இல் உமர் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். பதினைந்து பக்கங்களே கொண்ட அக்கையெழுத்துப் படியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017-இல் வாங்கி, 2019-இல் அதன் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. ஜெஃபர்சனின் குர்ஆனும் உமரின் கையெழுத்தும் இன்று ஒரே நூலகத்தில் உள்ளன.

அரபு கற்பிப்போன் என்ற முறையில் அக்கையெழுத்தைப் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். தம் கதையைத் தொடங்குமுன் உமர் ஸூரத்துல் முல்க்கை எழுதுகிறார். இரவில் உறங்குமுன் நம் வீடுகளில் ஓதப்படும் அதே தபாரக்க ஸூரா. ஆட்சி அனைத்தும் எவன் கையில் உள்ளதோ அவனைப் போற்றித் தொடங்குவது அது. முல்க் என்னும் சொல்லின் வேர் மீம், லாம், காஃப் என்னும் மூன்று எழுத்துகள். ஆட்சி என்ற பொருளில் முல்க்கும், உடைமை என்ற பொருளில் மில்க்கும், உடையவன் என்ற பொருளில் மாலிக்கும், உடைமையாக்கப்பட்டவன், அதாவது அடிமை என்ற பொருளில் மம்லூக்கும் அவ்வேரிலிருந்தே பிறந்தவை. மனிதரால் உடைமையாக்கப்பட்ட ஒருவர், உடைமை உண்மையில் யாருக்கு உரியது என்று சொல்லிவிட்டுத்தான் தம் கதையைத் தொடங்குகிறார். அவருடைய எசமானர்களால் அதனைப் படிக்க இயலாது. தம் மொழியையும் அரபியையும் பெரிதும் மறந்துவிட்டதாக அவர் வருந்தி எழுதும் இடத்தைக் கலங்காமல் கடக்க எம்மால் இயலவில்லை.

உமர் திருமுழுக்குப் பெற்றுத் திருச்சபையில் சேர்க்கப்பட்டார். முன்பு ஃபாத்திஹாவை ஓதித் தொழுததாகவும், இப்போது கிறிஸ்தவ வழிபாட்டைச் சொல்வதாகவும் எழுதி, இரண்டையும் அருகருகே தருகிறார். அவர் உள்ளத்தில் இருந்தது எது என்பதை ஆய்வாளர் இன்றும் விவாதிக்கின்றனர். உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. 1864 வாக்கில் உமர் மறைந்தார். அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் திருத்தம் 1865 டிசம்பரில்தான் நிறைவேறியது.

விதிக்கு உயிர் வந்த வழி

ஆறாம் பிரிவின் விதி கூட்டாட்சிப் பதவிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் தத்தம் சோதனைகளை வைத்திருந்தன. மேரிலாந்தில் யூதர் பதவி வகிக்க 1826 வரை காத்திருந்தனர். வட கரோலினா 1835-இல் புராட்டஸ்டன்ட் என்ற சொல்லைக் கிறிஸ்தவர் என்று மாற்றியது. 1868-இல்தான் அதனையும் கைவிட்டது. கடவுள் இருப்பதை மறுப்போர் பதவிக்குத் தகுதியற்றோர் என்ற வாசகம் அம்மாநில அரசமைப்பில் இன்றும் உள்ளது. எனினும் அது செயலற்றது. அதனைச் செயலற்றதாக்கிய வழக்கு 1961-இல் மேரிலாந்திலிருந்து வந்தது. ராய் டார்காசோ என்பவர் கடவுள் நம்பிக்கையை அறிவிக்க மறுத்ததால், ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரி பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. அது செல்லாதென்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் முதல் திருத்தம் அளிக்கும் சமய உரிமை, உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 14-ஆம் திருத்தத்தின் வழியாக மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

லங்காஸ்டர் அஞ்சிய கத்தோலிக்க அதிபர் 172 ஆண்டுகளில் வந்தார். 1960-இல் ஜான் கென்னடி, தம் ஆட்சியில் போப்பின் ஆணை செல்லாது என்று புராட்டஸ்டன்ட் போதகர்களிடம் விளக்கம் கூறிய பின்னரே வெற்றி பெற்றார். சட்டம் கேளாத கேள்விக்கு அவர் விடை கூற வேண்டியிருந்தது.

எழுதப்படாத சோதனை

இந்த எழுதப்படாத சோதனைதான் இன்று முஸ்லிம்கள் முன் நிற்பது. 2008-இல் பராக் ஒபாமா முஸ்லிம் என்று வதந்தி பரவியபோது, அவர் கிறிஸ்தவர் என்பதே பலரின் மறுமொழியாக இருந்தது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் மட்டும், முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்று வெளிப்படையாகக் கேட்டார். 2015-இல், அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பென் கார்சன் ஒரு முஸ்லிம் அப்பதவிக்கு வருவதைத் தாம் ஆதரிக்க மாட்டேன் என்றார். அவ்வாண்டு டிசம்பரில் டொனால்டு டிரம்ப், முஸ்லிம்கள் நாட்டினுள் வருவதை முற்றாகத் தடுக்க வேண்டும் என்றார். 2017-இல் அவர் பிறப்பித்த பயணத் தடையின் திருத்திய வடிவத்தை, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது. 2021-இல் அடுத்த அதிபர் அதனை நீக்கினார். 2025-இல் மீண்டும் பதவிக்கு வந்த டிரம்ப் வேறொரு நாட்டுப் பட்டியலுடன் புதிய தடையைப் பிறப்பித்தார்.

அதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 2019-இல் இல்ஹான் உமர், ரஷீதா தலைப் என்னும் இரு முஸ்லிம் பெண்கள் பிரதிநிதிகள் சபையில் நுழைந்தனர். அவையில் தலையை மறைத்தல் கூடாது என்று 1837 முதல் இருந்த விதி, இல்ஹான் உமரின் முக்காட்டுக்கு இடமளிக்கும் வகையில் திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் நியூயார்க் மாநகரம் ஸோஹ்ரான் மம்தானியைத் தன் முதல் முஸ்லிம் மேயராகத் தேர்ந்தெடுத்தது. உகாண்டாவில் பிறந்த அவர் அந்நாட்டின் அதிபராக இயலாது. தடுப்பது பிறந்த இடமே தவிர, சமயம் அன்று.

நாம் கற்க வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று. பொதுவாகச் சொல்லப்பட்ட கொள்கை, அதைச் சொன்னவரின் எண்ணத்தையும் கடந்து செல்லும் என்பது முதலாவது. எல்லிசனுக்கு இடமளிப்பது ஐர்டெலின் நோக்கமன்று. ஆயினும் எவ்விடத்தில் நிறுத்துவது என்ற அவர் வினாவுக்கு விடையில்லாத காரணத்தால் எல்லிசனுக்கு இடம் கிடைத்தது. எனவே சட்டத்தின் சொற்களை வெறும் நடிப்பு என்று தள்ளுதல் தவறு.

சொல் மட்டும் எவரையும் காக்காது என்பது இரண்டாவது. ஃபாயெட்வில்லில் விதியும் இருந்தது, சிறையும் இருந்தது. விதிக்கும் சிறைக்கும் இடையே இருந்த தொலைவைக் குறைத்தது போரும், திருத்தங்களும், நீதிமன்றப் படியேறிய தனிமனிதரின் பிடிவாதமும் ஆகும். எனவே சட்டத்தை மட்டும் காட்டி ஒரு நாட்டைப் புகழ்வதும் தவறு.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கம் உண்டு. எனினும் சொல்லியாக வேண்டும். எல்லிசன் குர்ஆனில் கை வைத்த படத்தைக் கண்டு மகிழும் நாம், அவருக்கு வழிவிட்ட அதே கொள்கை டார்காசோவுக்கும் உரியது என்பதை ஏற்கிறோமா? அவர் இறைவனையே ஏற்காதவர். அவருடைய கருத்து நமக்கு உடன்பாடன்று, ஒருபோதும் ஆகாது. ஆனால் அவரிடம் அரசு நம்பிக்கையைக் கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை நம்மிடமும் கேட்கலாம் என்றாகிவிடும். கட்டாயத்தின் பேரில் சொல்லப்படும் நம்பிக்கை நம்பிக்கையாகாது என்பதை உமரின் வாழ்க்கையைப் படித்த எவரும் அறிவர். நம்மவருக்குக் கிடைக்கும்போது மட்டும் போற்றினால் அது உரிமையன்று, சலுகையே. உரிமை என்றால், நமக்கு உடன்பாடில்லாதவருக்கு அது மறுக்கப்படும் நாளிலும் நாம் அதன் பக்கம் நிற்க வேண்டும்.